டாக்டர்கள் சங்கமும் ராத்திரி பதினொரு மணியும்

டாக்டர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது என்பது நம்மில் பெரும்பாலானவர்களுக்கு வருஷத்தில் ஒன்றிரண்டு நாள்தான் ஞாபகத்துக்கு வரும். "நாளை புறநோயாளிகள் பிரிவு இயங்காது, அவசர சிகிச்சை மட்டும் உண்டு" என்று பேப்பரில் போடும் அந்த நாள். ஒரு கோஷ்டி "பாவம், அவங்களும் மனுஷங்கதானே" என்று சொல்லும். இன்னொரு கோஷ்டி "கொள்ளையடிக்கிறவங்களுக்கு ஸ்ட்ரைக் வேறயா" என்று ஆரம்பிக்கும். 24 மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, கிளினிக் வாசலில் பழையபடி செருப்புகள் குவிந்துவிடும். சங்கத்தையும் மறந்துவிடுவோம்.

2024 நவம்பரில் கிண்டி சம்பவம் நடந்தபோது நம்ம கிளாஸிலும் இதே சண்டைதான். இரண்டு பக்கமும் தொண்டை வறளக் கத்தினார்கள். ஆனால் இந்தச் சங்கம் என்றால் என்ன, அது எதற்கு இருக்கிறது, அதனிடம் நாம் என்ன கேட்கலாம் என்று ஒருவரும் பேசவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

(டிஸ்கி: நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. படிப்பது பி.காம். டெபிட், கிரெடிட் தவிர வேறு எதற்கும் எனக்கு சர்டிபிகேட் கிடையாது. ஆனால் நோயாளியாக இருந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு இல்லையா, அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.)

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கம் டாக்டர்களுக்காகச் சண்டை போடுவதில் எனக்குத் துளியும் ஆட்சேபம் இல்லை. அதற்குத்தான் சங்கம். ஆனால் "நாங்கள் வேலையை நிறுத்துவோம்" என்று சொல்லும் பலம் ஒரு அமைப்புக்கு இருந்தால், "ஊரில் வேலை நிற்காமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பொறுப்பையும் அதே அமைப்பிடம் கேட்கலாம். குறிப்பாக ஊர்க் கிளையிடம். ராத்திரி பதினொரு மணிக்குத் திருவானைக்காவலில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. அதற்கு இப்போது யாரிடமும் பதில் கிடையாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மெடிக்கல் கவுன்சில் வேறு, சங்கம் வேறு. தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் என்பது 1914ஆம் வருஷத்து மதராஸ் மருத்துவப் பதிவுச் சட்டத்தின்படி வந்தது. டாக்டர்களைப் பதிவு செய்வது, தப்பு செய்தால் விசாரிப்பது, பதிவிலிருந்து பெயரை எடுப்பது எல்லாம் கவுன்சில் வேலை. அதில் பதிவு இல்லாமல் ஒருவர் இங்கே ஊசி போட முடியாது. சங்கம் அப்படி இல்லை. விருப்பப்பட்டால் சந்தா கட்டிச் சேரலாம், இல்லையென்றால் இல்லை. இந்திய மருத்துவச் சங்கம், அதாவது ஐ.எம்.ஏ., 1928இல் கல்கத்தாவில் ஆரம்பித்தது. இன்றைக்கு மூன்று லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். மாநிலக் கிளை, அதற்குக் கீழே திருச்சி மாதிரி ஊர் ஊருக்குக் கிளை. இது போக அரசு டாக்டர்களுக்கென்று தனியாகச் சில சங்கங்கள். "டாக்டர் தப்பு பண்ணிட்டார், சங்கத்தில் புகார் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று கோபப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வக்கீல் மேல் கோபம் வந்து வக்கீல் சங்கத்துக்கு மனுப் போட்ட கதைதான். போக வேண்டிய இடம் கவுன்சில். (அங்கே போனால் மட்டும் என்ன நடக்கும் என்கிறீர்களா? கவுன்சில் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று 2019ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. யார் செய்யலாம் என்று படித்துப் பார்த்தால், டாக்டர் செய்யலாம். நோயாளியைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை. அது தனிப் பதிவுக்கான சமாச்சாரம்.)

இன்னொரு சுவாரசியமான விஷயம். இங்கிலாந்தின் பெரிய மருத்துவச் சங்கமான பி.எம்.ஏ. லண்டனில் ஆரம்பித்தது இல்லை. 1832இல் சார்லஸ் ஹேஸ்டிங்ஸ் என்ற டாக்டர் ஊஸ்டர் என்ற ஊரில் ஆரம்பித்தார். அப்போது அதன் பெயரிலேயே "மாகாண" என்ற வார்த்தை இருந்தது. லண்டனில் பெரிய பெரிய ராயல் காலேஜ்கள் இருந்தன, வெளியூர் டாக்டரை யாரும் மதிப்பதில்லை, அந்தக் கடுப்பில் ஆரம்பித்த சங்கம் அது. ஆக, இந்தத் தொழிலில் வெளியூர்ச் சங்கம் என்பது தலைமைச் சங்கத்தின் வால் இல்லை. தலையே அங்கிருந்துதான் முளைத்திருக்கிறது. திருச்சிக்காரர்கள் இதைப் படித்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் :)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சங்கத்தின் பக்கம் நியாயம் எங்கே மிக வலுவாக இருக்கிறது என்றால், அடிதடி விஷயத்தில். 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் டாக்டர் சேதுலட்சுமியை அவருடைய கிளினிக்குக்குள்ளேயே புகுந்து வெட்டிக் கொன்றார்கள். சிகிச்சையில் இருந்த ஒரு கர்ப்பிணி இறந்துபோன கோபம். 2020 ஏப்ரலில் சென்னையில் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தபோது, அடக்கம் செய்யப் போனவர்களைக் கும்பல் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப் குமார், மருத்துவமனை ஊழியர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போய், நள்ளிரவில் தானே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். இதைப் படித்தபோது எனக்கு இரண்டு நாள் மனசே சரியில்லை. பால்கனியில் நின்று கைதட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை அப்போது.

அந்த வாரம் ஐ.எம்.ஏ. என்ன செய்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 22 ராத்திரி டாக்டர்கள் எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றுவது, அதற்கும் மசியவில்லை என்றால் மறுநாள் கறுப்பு தினம் என்று அறிவித்தது. 22ஆம் தேதி காலையில் உள்துறை அமைச்சர் சங்கத்துடன் பேசினார். அன்றைக்கே அவசரச் சட்டம் வந்துவிட்டது. 1897ஆம் வருஷத்துக் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்து வருஷம் வரை, பலத்த காயம் என்றால் ஏழு வருஷம் வரை சிறை. ஒரு மெழுகுவத்திகூட எரியாமல் காரியம் முடிந்தது. நூறு டாக்டர்கள் தனித்தனியாக மனுப் போட்டிருந்தால் நடந்திருக்குமா? சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் தமிழ்நாட்டில் 2008லேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் புகுந்து அடித்தால் ஜாமீனில் விட முடியாத குற்றம். எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் அந்தச் சட்டத்தைப் பற்றிப் போர்டு மாட்டியிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தச் சட்டம் வந்து நாலு வருஷத்தில் தூத்துக்குடி. பதினாறு வருஷம் கழித்துக் கிண்டி. 2024 நவம்பர் 13 அன்று, கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புற்றுநோய் டாக்டரை ஒரு நோயாளியின் மகன் கத்தியால் குத்தினான். டாக்டர் பிழைத்துவிட்டார். சங்கங்கள் உடனே வேலைநிறுத்தம் அறிவித்தன, கடுமையான சட்டம் கேட்டன, போலீஸ் காவல் கேட்டன. கேட்கட்டும், வேண்டியதுதான். கத்தியோடு வந்தவனுக்கு எந்தச் சமாதானமும் சொல்ல நான் தயாராக இல்லை.

ஆனால் கத்தி எடுக்காத, அடிக்காத, வெறுமனே வயிறு எரிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பும் ஆயிரம் பேரைப் பற்றி யோசிக்கிறேன். "என்ன ஆச்சு, ஏன் இப்படி ஆச்சு" என்று கேட்க அவர்களுக்கு இடமே இல்லை. கவுன்சில் சென்னையில். நுகர்வோர் நீதிமன்றம் போனால் வருஷக்கணக்கு. ஊர்க் கிளை ஒரு அறையைத் திறந்து, மாதம் இரண்டு சாயங்காலம் மூத்த டாக்டர்கள் மூன்று பேர் உட்கார்ந்து, "உங்க அப்பாவுக்கு நடந்தது இதுதான், இதில் தப்பு இல்லை" என்றோ, "இதில் தப்பு இருக்கிறது, இங்கே போய்ப் புகார் கொடுங்க" என்றோ சொன்னால் எவ்வளவு புகை அடங்கும்? சட்டம் தண்டிப்பதற்கு முந்திய இடம் இது. அந்த இடத்தில் இன்றைக்கு யாருமே இல்லை.

நோயாளி கேள்வி கேட்பது சங்கத்துக்குப் பிடிக்குமா என்று கேட்டால், வரலாறு அவ்வளவு தெம்பாக இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. டாக்டர் செய்வது "சேவை" என்ற வார்த்தைக்குள் வராது, எங்களை நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் வரை போனது ஐ.எம்.ஏ.தான். 1995 நவம்பர் 13 அன்று தீர்ப்பு வந்தது. வழக்கின் பெயரே "இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா". சங்கம் தோற்றது. காசு வாங்கி வைத்தியம் பார்த்தால் சட்டத்துக்குள் வருவீர்கள் என்று கோர்ட் சொல்லிவிட்டது. சிலரிடம் காசு வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி என்றால், இலவசமாகப் பார்த்துக்கொண்டவரும் கேஸ் போடலாம். எல்லோருக்குமே இலவசம் என்றால் மட்டும் விலக்கு. ஜி.எச்.சில் தப்பு நடந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாததற்குக் காரணம் இதுதான். (2024 மே மாதம் வக்கீல்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று அதே உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. டாக்டர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள். எனக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.)

இதற்கு நேர் எதிராக இன்னொரு வழக்கு இருக்கிறது. என் வகுப்பில் ஒருத்தருக்கும் இது தெரியவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர் எதற்காக ஏதோ ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேலைக்குப் போகிறார்? சேவை மனப்பான்மை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். சிலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது. எம்.டி., எம்.எஸ். மாதிரி மேற்படிப்பு இடங்களில், மாநில ஒதுக்கீட்டில் பாதியை ஏற்கெனவே அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். கிராமத்தில் சில வருஷம் வேலை பார், படிக்க இடம் கிடைக்கும், படித்து முடித்ததும் அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்பி வா, என்று ஒரு ஒப்பந்தம். பக்கத்து மாநிலத்துக்காரர்கள் பொறாமைப்படும் அளவுக்கு நம்முடைய தாலுகா ஆஸ்பத்திரியில்கூட ஒரு பிரசவ டாக்டரும் மயக்க டாக்டரும் இருக்கிறார்கள் என்றால், அதில் இந்த ஒப்பந்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இது 2017இல் உடைந்தது. அகில இந்திய விதிகளில் இப்படி ஒதுக்கீடு கிடையாது, கஷ்டமான பகுதிகளில் வேலை பார்த்தவர்களுக்குக் கூடுதல் மார்க் மட்டும் தரலாம் என்று ஆகிவிட்டது. அரசு டாக்டர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதோடு விடாமல் கோர்ட்டுக்கும் போனார்கள். "தமிழ்நாடு மெடிக்கல் ஆபீசர்ஸ் அசோசியேஷன் எதிர் இந்திய ஒன்றியம்" என்ற அந்த வழக்கில், 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. மேற்படிப்பில் பணியில் இருக்கும் டாக்டர்களுக்குத் தனியாக இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு. மெடிக்கல் கவுன்சிலின் வேலை கல்வித் தரத்தை நிர்ணயிப்பது, இதைத் தடுப்பது அதன் வேலை இல்லை. அதே வருஷம் நவம்பரில் தமிழக அரசு அடுத்த படியான சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களிலும் 50 சதவீதம் ஒதுக்கி ஆணை போட்டது. அந்த வருஷம் அது செல்லவில்லை. 2022 மார்ச்சில்தான் உச்சநீதிமன்றம் வழிவிட்டது.

இந்த வழக்கு எனக்கு ஏன் பிடிக்கிறது? டாக்டர்கள் தங்கள் சுயநலத்துக்குத்தான் போராடினார்கள். மேற்படிப்பு சீட் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுயநலமும் லால்குடியிலோ முசிறியிலோ பிரசவ வலியோடு வரும் பெண்ணின் தேவையும் ஒரே கோட்டில் நின்றன. மாநில உரிமையும் கூடவே சேர்ந்து கிடைத்தது. ஒரு மாநிலத்துச் சங்கம் இந்தியா முழுவதுக்கும் சட்டத்தை மாற்றியிருக்கிறது. 1995இல் சங்கம் நோயாளிக்கு எதிர்ப்பக்கம் நின்று தோற்றது. 2020இல் சங்கம் ஜெயித்தபோது நோயாளியும் சேர்ந்து ஜெயித்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நடுவில் 2019 அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை நடந்த அரசு டாக்டர்கள் ஸ்ட்ரைக்கையும் சொல்லிவிட வேண்டும். சம்பள உயர்வு, பதவி உயர்வு சம்பந்தமாக 2009இல் போட்ட அரசாணையை ஒழுங்காக அமல்படுத்து என்றுதான் கேட்டார்கள். கிடைத்தது நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இடமாற்றம். 2020 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த எட்டு நாளில் ஜி.எச்.சுக்கு வந்து திரும்பிப் போனவர்கள் கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு எந்தக் கோர்ட்டும் எதையும் ரத்து செய்யவில்லை.

மருந்துக் கம்பெனி விவகாரத்தைச் சுருக்கமாகவே முடித்துக்கொள்கிறேன், எழுதினால் பிபி ஏறுகிறது. 2008இல் ஐ.எம்.ஏ. ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் பாக்கெட் ஜூஸுக்கும் ஓட்ஸுக்கும் காசு வாங்கிக்கொண்டு தன் முத்திரையைக் கொடுத்தது. மெடிக்கல் கவுன்சில் 2010இல் அதற்காக நடவடிக்கை எடுத்தது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் மருந்தை அதன் மூலப்பெயரில் எழுத வேண்டும், மருந்துக் கம்பெனி செலவில் நடக்கும் மாநாடுகளுக்குப் போகக் கூடாது என்று விதி போட்டது. ஐ.எம்.ஏ. எதிர்த்தது. மூன்று வாரத்தில் விதி நிறுத்திவைக்கப்பட்டது. மலிவு மருந்தின் தரத்தை யார் உறுதி செய்வது என்று சங்கம் கேட்ட கேள்வியில் அர்த்தம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மாநாட்டுச் செலவுக்கும் மாத்திரைத் தரத்துக்கும் என்ன சம்பந்தம்? பதஞ்சலி விளம்பரங்களுக்கு எதிராக ஐ.எம்.ஏ. 2022இல் உச்சநீதிமன்றம் போனதும், அந்தக் கம்பெனி 2024இல் பகிரங்க மன்னிப்புக் கேட்க நேர்ந்ததும் உண்மையிலேயே நல்ல வேலை. அதே வழக்கில் நீதிபதிகள், உங்கள் உறுப்பினர்கள் தேவையில்லாமல் விலை உயர்ந்த மருந்து எழுதுவதையும் கொஞ்சம் கவனியுங்கள் என்று சங்கத்தையே கேட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி நம்ம ஊர்.

திருவானைக்காவலும் ஸ்ரீரங்கமும் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். பெரிய ஆஸ்பத்திரிகள் முக்கால்வாசி பாலத்துக்கு அந்தப் பக்கம். ஜி.எச். புத்தூரில், தனியார் எல்லாம் தில்லைநகர் கிராஸ்களில். பகலில் பிரச்சினை இல்லை. சன்னதி வீதியிலும் டிரங்க் ரோட்டிலும் கிளினிக் போர்டு நிறையவே இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் அரசு மருத்துவமனையும் இருக்கிறது. கிளினிக்குகள் ஒன்பதரை, பத்துக்கு ஷட்டரை இறக்கிய பிறகு கதை வேறு. 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க மூடி, 2023 மார்ச்சில் திறக்கும் வரை நாம் பட்டது ஞாபகம் இருக்கும். மாம்பழச்சாலையிலிருந்து சத்திரம் கூப்பிடு தூரம், ஆனால் பைபாஸ் பாலம் வழியாகச் சுற்ற வேண்டும்.

பாலம் திறந்த பிறகு நடந்தது இது. ஒரு ராத்திரி எங்கள் பாட்டிக்கு வாந்தி, தலைசுற்றல். 108ஐக் கூப்பிடும் அளவுக்கா, விடியும் வரை பொறுக்கலாமா, தெரியவில்லை. தெரிந்த மூன்று கிளினிக் நம்பருக்குப் போன் போட்டோம். மணி அடித்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மாமா "ரிஸ்க் எடுக்காதீங்கோ" என்றார். பாலம் தாண்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம் (பெயர் வேண்டாம்). போன உடனே அட்மிஷன், தலைக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஒரு பக்கம் முழுக்க. காலையில் டாக்டர் வந்து, உடம்பில் தண்ணீர்ச் சத்து குறைந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார். இரண்டு பாட்டில் குளுக்கோஸ். பில்லைப் பார்த்து அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பாட்டிதான், "நான் போயிருந்தா இதைவிட சீப்பா முடிஞ்சிருக்கும்" என்று ஜோக் அடித்தார்.

அந்த ஆஸ்பத்திரியை மட்டும் திட்டி என்ன பயன்? ராத்திரி வந்த எழுபத்தெட்டு வயதுப் பாட்டிக்கு ஸ்கேன் எடுக்காமல் விட்டு, நாளைக்கு ஏதாவது ஆனால் அதே நாமே கேஸ் போடுவோம். எங்களுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஆஸ்பத்திரியே இல்லை. நாடி பிடித்து, பிபி பார்த்து, "பயப்படாதீங்க, காலையில் வாங்க" என்றோ "இப்பவே ஜி.எச். போங்க" என்றோ சொல்ல எம்.பி.பி.எஸ். படித்த ஒருவர். இந்தத் தீவில் அப்படி எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்! அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் தூங்கத்தான் வேண்டுமா?

ஜெர்மனியில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அங்கேயும் டாக்டர்கள் சங்கம் சண்டைக்காரச் சங்கமாகத்தான் ஆரம்பித்தது. 1900இல் லைப்சிக் நகரத்தில் ஹெர்மன் ஹார்ட்மன் என்ற டாக்டர் ஒரு சங்கம் தொடங்கினார். இன்சூரன்ஸ் நிதி அமைப்புகள் கொடுத்த அடிமாட்டுக் கூலியை எதிர்த்து 1904இல் அந்த ஊரில் பெரிய ஸ்ட்ரைக். இப்படியே இழுபறியாகப் போய், கடைசியில் சட்டப்படி வட்டார மருத்துவர் சங்கங்கள் உருவாயின. இன்றைக்கு மொத்தம் 17. இன்சூரன்ஸ் பணத்தை டாக்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் இந்தச் சங்கங்களிடம்தான். பெரிய அதிகாரம், இல்லையா? பதிலுக்கு 1955ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு பொறுப்பையும் அவற்றின் தலையில் கட்டியது. அந்த வட்டாரத்தில் எந்த நேரத்திலும் மக்களுக்கு டாக்டர் கிடைப்பதைச் சங்கம் உறுதி செய்ய வேண்டும், ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. இதில் சேர்ந்த டாக்டர்களுக்கு ஸ்ட்ரைக் உரிமை கிடையாது என்று 2016இல் அந்த நாட்டுக் கோர்ட்டும் உறுதி செய்தது. ராத்திரி உடம்புக்கு முடியவில்லை என்றால் 116117 என்ற ஒரே நம்பர், 2012இலிருந்து நாடு முழுக்க. ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டாத, ஆனால் காலை வரை பொறுக்க முடியாத நோய்க்கு. எங்கள் பாட்டிக்கு அன்றைக்கு வந்த மாதிரி.

ஜெர்மனி இன்சூரன்ஸ் நாடு, அந்தப் பணம் இங்கே கிடையாது, சரி. நான் கேட்பது அவ்வளவு பெரிய ஏற்பாடே இல்லை. ஊர்க் கிளையிடம் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. தீவுக்குள் இருக்கும் பொது மருத்துவர்கள் முறை போட்டு, ஒரு ராத்திரிக்கு ஒருவர். ஒரே போன் நம்பர், அது அன்றைக்கு முறை யாருடையதோ அவருக்குப் போகும். பீஸ் பகலைவிட இரட்டிப்பாக இருக்கட்டும், முன்கூட்டியே போர்டில் எழுதிப் போட்டுவிடுங்கள், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். முப்பது பேர் சேர்ந்தால் ஒருவருக்கு மாதம் ஒரு ராத்திரிதான் வரும்.

எங்கள் சொந்தத்தில் சித்தப்பா முறை ஒருவர் டாக்டர். அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "ராத்திரி தனியாக் கிளினிக்கைத் திறந்து உக்காரச் சொல்றியா? குடிச்சிட்டு நாலு பேர் வருவான். லேடி டாக்டர் யாராவது ஒத்துப்பாங்களா? சீரியஸ் கேஸ் வந்து என் டேபிள்லயே ஏதாவது ஆச்சுன்னா, அடியும் எனக்கு, கேஸும் எனக்கு." நியாயம். மறுக்கவே முடியாது. அவருக்கு வயது அறுபத்திரண்டு, பகலில் அறுபது பேரைப் பார்க்கிறார். ராத்திரி தூங்க வேண்டும் என்பதும் நியாயம்தான்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் சொன்ன ஒவ்வொன்றும் தனி ஆளாக இருப்பதால் வரும் கஷ்டம். தனி டாக்டர் போலீஸ் காவல் கேட்டால் கிடைக்காது, சங்கம் கேட்டால் ஒரே ஒரு இடத்துக்கு ஒரு கான்ஸ்டபிள் கிடைக்கலாம். தனிக் கிளினிக்காக இல்லாமல் சங்கத்தின் பெயரில் ஒரு பொது இடம், மெயின் ரோட்டில், கேமராவோடு இருந்தால் பயம் பாதியாகும். இந்த ராத்திரி வேலைக்கு மட்டும் எல்லோரும் சேர்ந்து பொறுப்புக் காப்பீடு எடுத்துக்கொள்ளலாம். அறுபது வயது தாண்டியவர்களுக்கு விலக்குக் கொடுக்கலாம். தில்லி வரை போய் ஒரே நாளில் அவசரச் சட்டம் வாங்கி வந்த சங்கத்துக்கு, மாநகராட்சியிடம் ஒரு அறை வாங்குவது முடியாத காரியமா என்ன?

இதைச் சித்தப்பாவிடம் திரும்பச் சொன்னேன். "கிளை மீட்டிங்குக்கு வர்றதே இருபது பேர்டா" என்றார். பிறகு, "முதல்ல சனி ஞாயிறு ராத்திரி மட்டும்னு சொல்லிப் பாக்கலாம், அதுக்கு ஆள் கிடைப்பாங்க" என்றார். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் ராத்திரி முழுக்க முகாம் போட்டு டாக்டர்கள் உட்கார்ந்திருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், அப்போது ஆள் கிடைக்கிறார்களே என்று கேட்டேன். அது கலெக்டர் ஆபீஸ் ஏற்பாடு, அது வேறு என்றார்.

கே.ஏ.பி.வி. மெடிக்கல் காலேஜில் படிக்கும் நண்பர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். படிப்பு முடித்து இதே ஊரில் போர்டு மாட்டப் போகிறவர்கள் நீங்கள். மாதம் ஒரு ராத்திரி என்றால் உங்களில் எத்தனை பேர் வருவீர்கள், வரமாட்டேன் என்றால் என்ன காரணம், நேர்மையாகச் சொல்லுங்கள். பாட்டிக்கு இப்போது எழுபத்தொன்பது. மூன்று கிளினிக் நம்பரும் இன்னும் பிரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது.